கல்யாணத்துக்குப் பிறகு எடை ஏறுவது எங்கிருந்து? அளவோடு பேசுவோம்

தராசுமுள்:

கல்யாணம் ஆனால் உடம்பு போடும் என்று எல்லாரும் சொல்கிறோம். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் வருகிறது: ஹார்மோன், மனநிறைவு, வயது. இந்த இழையில் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அளந்து பார்க்கலாம். எழுதுபவர்கள் கிராம், கலோரி, நிமிடம் என்று அளவோடு எழுதுங்கள், படிப்பவர்களுக்கு அதுதான் உதவும்.

வயதை முதலில் கழித்துவிடுகிறேன். ஹெர்மன் பான்ட்சர் குழு 2021-ல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. பிறந்து சில நாளே ஆன குழந்தை முதல் 95 வயது வரை, 6,400-க்கும் மேற்பட்டவர்களின் ஆற்றல் செலவை அளந்த ஆய்வு அது. உடலின் பருமனைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் 20 முதல் 60 வயது வரை செலவு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கிறது. 60-க்குப் பிறகுதான் மெல்ல இறங்குகிறது. 27 வயதில் கல்யாணம் ஆகி 30-ல் எட்டு கிலோ கூடியவருக்கு "மெட்டபாலிசம் படுத்துவிட்டது" என்ற விளக்கம் பொருந்தாது.

என் கட்சி இதுதான். தனியாக இருந்தபோது சாப்பாட்டு நேரம், அளவு, எண்ணெய், நடை எல்லாம் ஒருவருடைய பசிக்கும் வேலைக்கும் ஏற்ப அமைந்திருந்தன. சேர்ந்து வாழத் தொடங்கியதும் அவை வீட்டுக்குப் பொதுவாகிவிடுகின்றன. அந்தப் பொது ஏற்பாட்டைத் தொடாமல் ஒருவர் மட்டும் வாயைக் கட்டினால் ஆறு மாதம்கூடத் தாங்காது.

அகப்பை:

தராசுமுள் சொன்னதைத் தட்டில் வைச்சுப் பார்க்கலாம்ங்க. மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் (1990) ஓய்வு நிலையில் உடம்புக்கு எவ்வளவு கலோரி வேணும்னு சொல்லும். எடையை (கிலோ) 10-ஆல பெருக்குங்க. உயரத்தை (செ.மீ.) 6.25-ஆல பெருக்கிக் கூட்டுங்க. வயசை 5-ஆல பெருக்கிக் கழிங்க. கடைசியா ஆணுக்கு 5 கூட்டணும், பெண்ணுக்கு 161 கழிக்கணும்.

ஆண்: 30 வயசு, 175 செ.மீ., 75 கிலோ. விடை சுமார் 1,700. அதிகம் உட்கார்ந்தே வேலைன்னா 1.4-ஆல பெருக்குங்க, ஒரு நாளைக்கு 2,380 கலோரி வரும்.

பெண்: 28 வயசு, 158 செ.மீ., 55 கிலோ. விடை சுமார் 1,240. 1.4-ஆல பெருக்கினா 1,730.

ரெண்டு பேருக்கும் நடுவுல 650 கலோரி வித்தியாசம். ஒரு முழுச் சாப்பாட்டு வேளையே அது! ஆனா வீட்டுல என்ன நடக்குது? ஒரே அளவுத் தட்டு, ஒரே கரண்டி, ரெண்டு பேருக்கும் சரிசமமாப் பரிமாறுறாங்க. சின்ன உடம்புக்காரருக்கு நாளைக்கு 300 கலோரி வரைக்கும் கூடிப்போகும். பெரிய உடம்புக்காரருக்குப் பத்தாம, ராத்திரி பத்து மணிக்கு டப்பாவைத் திறப்பார். அப்ப பக்கத்துல இருக்கிறவர் கையும் சேர்ந்து டப்பாவுக்குள்ள போகும்.

திருத்தறது சுலபம். 650-ஐ 1,730-ஆல வகுத்தா சுமார் 0.38, அதாவது மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல. சின்ன உடம்புக்காரருக்கு மூணு கரண்டின்னா பெரியவருக்கு நாலு. தட்டையே வேற வேற அளவுல வாங்கி வைச்சுட்டா தினமும் எண்ண வேண்டாம். காய்கறிக்கு மட்டும் இந்த விகிதம் தேவையில்லை, ரெண்டு பேரும் எவ்வளவு வேணும்னாலும் போட்டுக்கலாம்.

கூர்நோக்கு:

நாளைக்கு 300 கலோரி அதிகம் என்றால் வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல். ஒரு கிலோ கொழுப்பு 7,700 கலோரி என்று வகுத்தால் வருடம் 14 கிலோ ஏற வேண்டும், பத்து வருடத்தில் 140 கிலோ! அப்படி யாருக்கும் ஏறுவதில்லையே. கணக்கில் எங்கோ ஓட்டை இருக்கிறது.

நாடி:

நல்ல கேள்வி. 7,700-ஐ நேர்க்கோடாக நீட்டியதுதான் ஓட்டை. எடை ஏற ஏற அந்த உடம்பைச் சுமக்கவே கூடுதல் கலோரி செலவாகும், அதனால் ஏற்றம் மெல்ல மெல்ல நின்றுவிடும். கெவின் ஹால் குழு 2011-ல் லான்செட் இதழில் தந்த கணக்கு நடைமுறைக்கு ஏற்றது. நிரந்தரமாகக் கூடும் ஒவ்வொரு 10 கலோரிக்கும் கடைசியில் சுமார் 0.45 கிலோ கூடும். அதில் பாதி முதல் வருடத்தில் வரும், சுமார் 95 சதவீதம் மூன்று வருடத்துக்குள் வந்துவிடும்.

இதைக் கல்யாணத்தோடு பொருத்திப் பாருங்கள். சேர்ந்து வாழத் தொடங்கிய நாளிலிருந்து தினம் 150 கலோரி கூடினால் முதல் வருடம் மூன்று கிலோவுக்குச் சற்று மேல், மூன்றாம் வருட முடிவில் ஆறரை கிலோ, பிறகு அங்கேயே நிற்கும். "முதல் ரெண்டு மூணு வருஷத்துல போட்ட உடம்பு, அப்புறம் அப்படியே இருக்கு" என்று பலர் சொல்வது இதைத்தான். 150 கலோரி என்பது ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் (120) இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையும் (32). அவ்வளவு சின்ன மாற்றம் யார் கண்ணிலும் படாது.

மனநிறைவுக்கும் ஆய்வு இருக்கிறது. ஆண்ட்ரியா மெல்ட்சர் குழு 169 புதுமணத் தம்பதிகளை நான்கு வருடம் தொடர்ந்து கவனித்து 2013-ல் வெளியிட்டது. மணவாழ்வில் அதிகத் திருப்தி உள்ளவர்களுக்குத்தான் எடை கூடுதலாக ஏறியது. பிரிந்துவிடலாமா என்ற எண்ணம் இல்லாதபோது தோற்றத்தைக் காக்கும் அவசரம் தணிந்துவிடுகிறது என்பது அவர்கள் விளக்கம். மணமுறிவு, துணையின் இறப்பு ஆகியவற்றுக்குப் பின் எடை குறைவதும் பல ஆய்வுகளில் வந்த முடிவுதான். அந்தக் குறைவை ஆரோக்கியம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பசி போய், சமையல் நின்று, தசையோடு சேர்ந்து கரையும் எடை அது.

கூர்நோக்கு:

கிறிஸ்டாகிஸ், ஃபௌலர் இருவரும் 2007-ல் எழுதிய கட்டுரையையும் சேர்க்க வேண்டும். ஃப்ரேமிங்ஹாம் என்ற அமெரிக்க ஊரில் நடந்துவரும் நீண்டகால இதயநோய் ஆய்வில் இருந்த 12,067 பேரின் 32 வருடத் தகவல்கள். கணவன் மனைவியில் ஒருவர் உடல்பருமன் ஆனால் மற்றவருக்கும் ஆகும் வாய்ப்பு 37 சதவீதம் கூடுகிறது. எடை தொற்றிக்கொள்கிறது என்று செய்தித்தாள்கள் எழுதின.

ஆனால் அடுத்த வருடமே கோஹன்-கோல், ஃப்ளெட்சர் இருவரும் அதே வகைக் கணக்குமுறையைப் பதின்வயதினரிடம் போட்டுப் பார்த்தார்கள். முகப்பரு, தலைவலி, உயரம் ஆகியவையும் நண்பர்களிடையே "பரவுவதாக" விடை வந்தது. உயரம் தொற்றாது. ஆகவே ஒரே மாதிரி ஆட்கள் ஒருவரையொருவர் தேர்ந்துகொள்வதையும், ஒரே வீட்டுச் சூழலையும் பிரித்தெடுக்காமல் "தொற்று" என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. 37 என்ற எண்ணை மேற்கோள் காட்டுபவர்கள் இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

அகப்பை:

தொற்றோ சூழலோ, அடுப்படியில செய்ய வேண்டியது ஒண்ணுதாங்க.

எண்ணெயை அளக்கிற வழி சொல்றேன். கரண்டி கரண்டியா எழுதி வைக்கிறது நாலு நாளைக்கு மேல நடக்காது. புது பாட்டிலைப் பிரிக்கிற அன்னிக்கு மூடி மேல மார்க்கர் பேனாவால தேதி போடுங்க. தீர்ந்த அன்னிக்குத் தேதி பாருங்க. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 920 கிராம், கிராமுக்கு 9 கலோரி, ஆக 8,300 கலோரிக்கு ஒட்டி வரும். ரெண்டு பேர் வீட்டுல அது 15 நாள்ல தீர்ந்தா ஆளுக்கு நாளைக்கு 275 கலோரி எண்ணெயிலேயே போகுது. அதே லிட்டர் 25 நாள் வந்தா 165. வித்தியாசம் 110 கலோரி. நாடி போட்ட கணக்குப்படி மூணு வருஷத்துல அது அஞ்சு கிலோ கிட்ட வருது. வெளிச் சாப்பாடு எண்ணெய் இதுல சேராது, அதை மறந்துடாதீங்க.

ஏன் கூடுதுன்னா, பாட்டிலைச் சாய்ச்சு ஊத்துறதுதான். ஒருத்தருக்குச் சமைக்கும்போது சின்னச் சட்டி. ரெண்டு பேருன்னதும் அகலமான சட்டி வருது. அடி பரப்பு ரெண்டு மடங்கானா, அடி நனைய எண்ணெயும் ரெண்டு மடங்கு ஊத்துவோம், உள்ள போடுற காய் ரெண்டு மடங்கு ஆகலைன்னாலும் கூட. பாட்டில் பக்கத்துலயே 5 மில்லி கரண்டி ஒண்ணைக் கட்டித் தொங்க விடுங்க. அடிப்பிடிக்குதுன்னா எண்ணெயைக் கூட்டாம தீயைக் குறைச்சு, ரெண்டு கரண்டித் தண்ணி தெளிச்சு மூடுங்க.

இன்னொண்ணு, சமைக்கிறவர் ருசி பார்க்கிறது. கூடவே மிச்சத்தை வீணாக்க மனசில்லாம வழிச்சுச் சாப்பிடுறது. குழந்தை வந்தபிறகு அது தட்டுல விட்டதும் சேருது. இதெல்லாம் யாருடைய டயரிலயும் ஏறாத சாப்பாடு. அடுப்பை அணைச்ச உடனே மிச்சத்துக்குன்னு ஒரு டப்பாவை எடுத்து அதுல முதல்ல போட்டு மூடிடுங்க, அப்புறம் பரிமாறுங்க. சட்டியை மேசைக்குக் கொண்டு போகாதீங்க.

நடைவண்டி:

சாப்பாட்டைப் பற்றியே பேசுகிறோம். செலவுப் பக்கத்தையும் பார்ப்போம்.

ஜேம்ஸ் லெவின் குழு 1999-ல் செய்த சோதனையில் 16 பேருக்குத் தினம் 1,000 கலோரி அதிகமாக எட்டு வாரம் கொடுத்தார்கள். ஒருவருக்குக் கூடிய கொழுப்பு 0.36 கிலோ, இன்னொருவருக்கு 4.23 கிலோ. உடற்பயிற்சி என்று எதுவும் இல்லை. எழுவது, நிற்பது, நடமாடுவது, சும்மா இருக்காமல் ஏதாவது செய்துகொண்டே இருப்பது, இவைதான் அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி.

சேர்ந்து வாழும்போது முதலில் போவது இந்த அசைவுதான். வேலைகள் பங்கு பிரிகின்றன, கடைக்கு ஒருவர் போனால் போதும். நடந்து போன தூரத்துக்கு ஒரே வண்டியில் இருவரும் போகிறோம். மாலையில் இருந்த விளையாட்டு நேரமோ ஜிம் நேரமோ "அவங்க வீட்டுல தனியா இருப்பாங்க" என்பதால் விட்டுப்போகிறது. ராத்திரி இரண்டு மணி நேரம் திரை முன்னால் சேர்ந்து உட்காருகிறோம்.

கணக்கு: 60 கிலோ எடையுள்ளவர் அரை மணி சுறுசுறுப்பாக நடந்தால், உட்கார்ந்திருந்தால் ஆகும் செலவைக் கழித்தபின் மிஞ்சுவது சுமார் 75 கலோரி. அதிகமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காலையும் மாலையும் அந்த நடை நின்றுபோனால் நாளைக்கு 150 கலோரி செலவு குறைகிறது. மேலே நாடி போட்ட ஆறரை கிலோ அதே 150-தான்.

உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டி வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், வாரம் இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும் சொல்கிறது. தம்பதிகள் செய்யும் தவறு, "ரெண்டு பேரும் சேர்ந்துதான் போவோம்" என்று முடிவெடுப்பது. ஒருவருக்கு வேலை வந்தால் இருவரும் வீட்டில் இருந்துவிடுவார்கள். நடையைச் சேர்ந்து வைத்துக்கொள்ளுங்கள். தசைப் பயிற்சிக்கு ஆளுக்குத் தனி நாள், தனி நேரம். அந்த முக்கால் மணி நேரம் மற்றவர் வீட்டைப் பார்த்துக்கொள்வார் என்பது எழுதாத ஒப்பந்தமாக இருக்கட்டும்.

மழைத்துளி:

ஹார்மோன் பற்றி யாரும் சொல்லவில்லை. கருத்தடை மாத்திரை எடுத்தால் எடை ஏறும் என்று பல பெண்கள் பயந்து தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். நாடி மேடம் விளக்கினால் நன்றாயிருக்கும்.

நாடி:

கல்யாணம் என்ற நிகழ்ச்சி ஹார்மோனை மாற்றி எடையை ஏற்றுவதில்லை. அதைச் சுற்றி வருபவற்றைத் தனித்தனியாகப் பிரிக்கிறேன்.

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் இரண்டும் கலந்த கருத்தடை மாத்திரையை மாத்திரை எடுக்காதவர்களோடு ஒப்பிட்ட சோதனைகளில் பெரிய எடை வித்தியாசம் தெரியவில்லை. சிலருக்கு ஆரம்பத்தில் நீர் கோத்து ஓரிரு கிலோ காட்டலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி வேறு விஷயம், அதில் சிலருக்கு நிஜமாகவே எடை கூடுகிறது. எதுவானாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் மாற்று முறை கேளுங்கள்.

புகையை விடுவது. கல்யாணத்தை ஒட்டிப் பலர் சிகரெட்டை விடுகிறார்கள், நல்லது. ஆனால் விட்ட முதல் வருடத்தில் சராசரியாக நான்கைந்து கிலோ கூடும், அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். அந்த எடையைக் காட்டி மறுபடி பற்ற வைக்கவே வேண்டாம். புகை தரும் ஆபத்து அந்த நான்கு கிலோவைவிடப் பல மடங்கு பெரியது.

கர்ப்பகாலத்தில் மொத்தம் எவ்வளவு எடை கூடலாம் என்பதற்கு, முன்பிருந்த பிஎம்ஐ-யைப் (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தது) பொறுத்து 2009 முதல் பயன்பாட்டில் உள்ள அமெரிக்க அளவு: 18.5-க்குக் கீழ் 12.5–18 கிலோ, இயல்பு எடைக்கு 11.5–16, 25-க்கு மேல் 7–11.5, 30-க்கு மேல் 5–9 கிலோ. "இருவருக்காகச் சாப்பிடு" என்பதில் கலோரி இரட்டிப்பாகாது. முதல் மூன்று மாதம் கூடுதல் ஏறக்குறைய தேவையே இல்லை.

தைராய்டு குறைவால் எடை ஏறும், ஆனால் அது பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் நிறைய உப்பும் நீரும். பத்து, பதினைந்து கிலோவைத் தைராய்டு மேல் போடுவது சரியாக வராது. ஸ்டீராய்டு, இன்சுலின், வால்ப்ரோயேட் (வலிப்புக்கு), ஒலான்சபின் (மனநோய்க்கு), மிர்டசபின் (மனச்சோர்வுக்கு) போன்ற மருந்துகளும் எடை ஏற்றும். மாதவிடாய் தள்ளிப்போவது, முகத்தில் முடி, தொடர்ந்த களைப்பு, இரண்டு மூன்று வாரத்தில் திடீர் ஏற்றம், கால் வீக்கம், இவற்றில் ஏதாவது இருந்தால் டயட் பேச்சை ஒதுக்கிவிட்டு முதலில் பரிசோதனைக்குப் போங்கள்.

மழைத்துளி:

நன்றி மேடம். தூக்கத்தையும் சேர்க்கிறேன். எஸ்ரா டசாலி குழு 2022-ல் வெளியிட்ட சோதனையில், அதிக எடை உள்ள 80 பேர் கலந்துகொண்டார்கள். ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்குபவர்கள். தினம் சுமார் 1.2 மணி நேரம் கூடுதலாகத் தூங்கியதும், டயட் எதுவும் சொல்லாமலே நாளைக்கு 270 கலோரி அளவுக்குக் குறைவாகச் சாப்பிட்டார்கள்.

வீட்டில் இது கெடுவது தாமதமாக வருபவரால். ஒருவர் ராத்திரி ஒன்பதரைக்கு வருவார், மற்றவர் காத்திருப்பார். ஏழு மணிக்குப் பசிக்கும், கொறிப்பார். ஒன்பதரைக்கு "சேர்ந்து சாப்பிடணும்" என்று முழுச் சாப்பாடும் சாப்பிடுவார். ஆக, காத்திருப்பவர் இரண்டு ராச்சாப்பாடு சாப்பிடுகிறார், தூக்கமும் தள்ளிப்போகிறது. பசிக்கும் நேரத்தில் முழுசாகச் சாப்பிட்டுவிட்டு, துணை வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் முன்னால் தட்டு மட்டும் வேண்டாம். இதைச் சொல்லிக்கொள்ளப் பலருக்குச் சங்கடம். அன்புக் குறைவு என்று இருவருமே நினைக்காதபடி ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

தராசுமுள்:

அளப்பது பற்றி, ஏனென்றால் தப்பாக அளந்து மனம் உடைபவர்கள் அதிகம்.

காலையில் கழிப்பறை போய்வந்தபின், எதுவும் குடிக்குமுன், கடினமான தரையில் வைத்த அதே மெஷினில் ஏறுங்கள். தினம் எழுதி ஏழு நாள் சராசரி எடுங்கள், சராசரியைச் சராசரியோடு மட்டும் ஒப்பிடுங்கள். உப்பு கூடிய சாப்பாடு, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய பயிற்சி ஆகியவை ஒரே நாளில் ஒன்றிரண்டு கிலோ ஆட்டும். மாதவிடாய் உள்ளவர்கள் போன சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும், இல்லாவிட்டால் நீர்க்கோப்பைக் கொழுப்பு என்று நினைத்துவிடுவார்கள். நான்கு வாரம் முடியாமல் எதையும் மாற்றாதீர்கள்.

இடுப்பு அளவு: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில். உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். தெற்காசிய வம்சாவளியினருக்கு ஆண் 90 செ.மீ., பெண் 80 செ.மீ. என்பது எச்சரிக்கைக் கோடு. ஆசியர்களுக்குப் பிஎம்ஐ 23-லிருந்தே கவனம் தேவை.

சேர்ந்து வாழத் தொடங்கிய வாரத்தின் சராசரியை இருவரும் எழுதி வையுங்கள். அதிலிருந்து 2 கிலோ கூடியதும் எண்ணெய்த் தேதியையும் கரண்டி விகிதத்தையும் பாருங்கள். இரண்டு கிலோவில் திருத்துவதற்கு நாளைக்கு 50 கலோரி போதும், எட்டில் திருத்த 180 வேண்டும்.

கூர்நோக்கு:

ஒருவர் மாறினால் மற்றவருக்குப் பலன் உண்டா? ஏமி கோரின் குழுவின் 2018 ஆய்வு: 130 தம்பதிகளில் ஒருவருக்கு மட்டும் எடைக்குறைப்புத் திட்டம். ஆறு மாதத்தில், எந்தத் திட்டமும் தரப்படாத துணைகளில் சுமார் மூன்றில் ஒருவர் தம் எடையில் 3 சதவீதமோ மேலோ இழந்திருந்தார். பிரிட்டனில் 3,722 தம்பதிகளை வைத்துச் செய்த 2015 ஆய்வில், உடலுழைப்பு இல்லாதிருந்தவர்களில் துணையும் சேர்ந்து தொடங்கியபோது மூன்றில் இரண்டு பேர் சுறுசுறுப்பானார்கள். துணை அசையாதபோது நான்கில் ஒருவர்தான்.

கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, கிலோவை ஒப்பிடுவது. பெரிய உடம்பு அதே முயற்சியில் அதிகக் கிலோ இழக்கும், சதவீதத்தைத்தான் பார்க்க வேண்டும். வாரம் அரை சதவீதமே நல்ல வேகம். இரண்டு, காவல் காப்பது. "இது உனக்குத் தேவையா?" என்ற ஒரு வார்த்தை போதும், மற்றவர் மறைந்து சாப்பிடத் தொடங்குவார். மறைத்துச் சாப்பிடுவதை எந்தக் கணக்கும் பிடிக்காது. வாங்கும் பட்டியலை இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள், தட்டில் இருப்பதைப் பற்றிப் பேசாதீர்கள்.

மழைத்துளி:

கடைசியாக ஒரு சந்தேகம். ஒருவர் எடை குறைக்க வேண்டும், மற்றவர் மெலிந்தவர், எடை கூட்ட வேண்டும். ஒரே அடுப்பு. என்ன செய்வது?

அகப்பை:

எடை குறைக்கிறவருக்கு ஏத்த மாதிரி சட்டியில சமைங்க, எடை கூட்டறவருக்குத் தட்டுல சேருங்க. தலைகீழாச் செஞ்சா சட்டியில விழுந்த எண்ணெயைத் திரும்ப எடுக்க முடியாது.

கூட்டறவர் தட்டுல மேலாக ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், 120 கலோரி. சாப்பாட்டுக்கு நடுவுல 30 கிராம் கொட்டை வகை, 170–180. படுக்கிறதுக்கு முன்னாடி 250 மில்லி கொழுப்பு எடுக்காத பால், 150-க்கு மேல. ஆக 450 வந்துடும், தனிச் சமையலே வேண்டாம். புரதம் மட்டும் ரெண்டு பேருக்கும் குறையக் கூடாது, சிறுநீரகக் கோளாறு இல்லாதவங்களுக்குக் கிலோவுக்கு 1.2 கிராம் வைச்சுக்கலாம். கொட்டை டப்பாவை 30 கிராம் பொட்டலமாப் பிரிச்சுக் கட்டி, கூட்டறவர் அலமாரியில வைங்க. அடுப்படியில வேண்டாம், சமைக்கிறவர் கை அதுக்குத்தான் முதல்ல போகும்.